கப்பலுக்குக் காத்திருந்த கலாசாலை

ஊரையும் உற்றாரையும் விட்டு, ஒரு குறித்த காரியத்தின் பொருட்டுத் தூரதேசம் அனுப்பப்பட்ட மனிதனுக்கு, அந்தக் காரியம் முடிந்தும் வீடு திரும்பும் நாள் மட்டும் நிச்சயமாகாத நிலை ஏற்படுமானால், அப்போது அவன் மனம் படும் பாடு தனியானது. வேலையில் மூழ்கியிருந்த காலத்தில் கேட்டுக்கொள்ள அவகாசமில்லாத கேள்விகளெல்லாம் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. திரும்பிச் சென்றபின் எந்தத் தொழிலைச் செய்து ஜீவிப்பது, பாதியில் விட்ட படிப்பைத் தொடர வழியுண்டா, இத்தனை நாள் கட்டுப்பாட்டினால் உறுதிபெற்ற சரீரத்தை ஊர் சேர்ந்தபின் எவ்விதம் பேணுவது என்று அவன் எண்ணுகிறான். தனி மனிதர் அநேகர் இக்கேள்விகளுக்குத் தாமே விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இருபது லட்சம் பேர் ஒரே சமயத்தில், ஒரே அந்நிய தேசத்தில், இதே கேள்விகளோடு நின்ற சந்தர்ப்பம் ஒன்று சரித்திரத்தில் உண்டு. முதல் உலக மகாயுத்தம் ஓய்ந்ததற்கும், அமெரிக்கப் போர்வீரர்கள் பிரான்சிலிருந்து கப்பலேறியதற்கும் இடையே கழிந்த மாதங்களே அவை.

1918-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ஆம் தேதி முற்பகல் பதினோரு மணிக்குப் பீரங்கிகள் ஓய்ந்தபோது, ஜெனரல் பெர்ஷிங்கின் தலைமையில் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படையினரின் தொகை ஏறத்தாழ இருபது லட்சம். அவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைச் சிப்பாய்களல்லர். வயலிலிருந்தும், பட்டறையிலிருந்தும், கடையிலிருந்தும், கல்லூரி வகுப்பிலிருந்தும் கட்டாய ஆள்சேர்ப்பின் மூலம் எடுக்கப்பட்ட வாலிபர்கள். யுத்தம் முடிந்த மறுநாளே தாயகம் திரும்பிவிடலாம் என்று நம்பிய அவர்களுக்கு முன்னால் சமுத்திரம் கிடந்தது. அதைக் கடக்கப் போதிய கப்பல்கள் இல்லை. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரைப் பிரான்சுக்குக் கொண்டுவந்து சேர்த்தவை பிரிட்டிஷ் கப்பல்கள். யுத்தம் முடிந்ததும் பிரிட்டன் தன் சாம்ராஜ்யத்தின் நாலா திசைகளிலும் சிதறிக்கிடந்த சொந்தச் சேனைகளை வீடு சேர்க்க அக்கப்பல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சரக்குக் கப்பல்களிலும் போர்க்கப்பல்களிலும் கூடப் படுக்கைகள் அடித்து ஆட்களை ஏற்றும்படி அமெரிக்க அரசாங்கம் ஏற்பாடு செய்தபோதிலும், மாதத்துக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் திரும்பத் தொடங்கியது 1919-ன் கோடையில்தான். இடைப்பட்ட பனிக்காலமும் வசந்தமும் அந்த வாலிபர்களுக்குக் காத்திருப்பிலே கழிந்தன.

வேலையற்ற காத்திருப்பு ஒரு சேனையை என்ன செய்யும் என்பதை அறிய நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அவ்வாண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் துறைமுகத்தில் மீண்டும் பிரான்சுக்குக் கப்பலேற மறுத்து ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் வீரர்கள் கலகம் செய்தார்கள். தொழிலுக்கு இன்றியமையாதவர் என்று முதலாளிகளால் கேட்டழைக்கப்பட்டவரை முதலில் விடுவிப்பது என்ற விதி, நேற்றுச் சேர்ந்தவனை வீட்டுக்கு அனுப்பி, நான்கு வருஷம் சேற்றிலே கிடந்தவனை நிறுத்திவைத்தது. யுத்த மந்திரியாகப் பொறுப்பேற்ற சர்ச்சில், முன்னே சேர்ந்தவனே முன்னே போகவேண்டும் என்று அதை மாற்றியபிறகே கொந்தளிப்பு அடங்கிற்று. மார்ச் மாதத்தில் வேல்ஸ் நாட்டில் கின்மெல் முகாமில், கப்பல் தள்ளித் தள்ளிப் போனதால் மனம் கசந்திருந்த கனடா வீரர்களிடையே மூண்ட கலவரத்தில் ஐவர் உயிரிழந்தனர். யுத்தத்தில் தப்பிய உயிர்கள் சமாதான காலத்தில், வீடு திரும்பும் வழியில், இவ்விதம் மடிந்தது நெஞ்சை உருக்கும் சம்பவம்.

அதே கனடா தேசத்தார்தாம், இந்த ஆபத்து வருமென்பதை முன்னறிந்து, அதற்குரிய மருந்தையும் முதலில் தேடினவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. யுத்தம் இன்னும் நடந்துகொண்டிருந்த 1917-லேயே, இங்கிலாந்திலிருந்த கனடா முகாம்களில் பாதிரிமார்களும், கிறிஸ்தவ வாலிபர் சங்கம் எனப்படும் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களும் சிறு சிறு வகுப்புகளை ஆரம்பித்திருந்தார்கள். ஆல்பர்ட்டா சர்வகலாசாலையின் தலைவரான ஹென்றி மார்ஷல் டோரி அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து, சிப்பாயின் உடுப்பு நிறத்தையே பெயராகக் கொண்ட 'காக்கிச் சர்வகலாசாலை'யாக அமைத்தார். படைக்குள்ளேயே சிப்பாய் உடுப்பிலிருந்த உபாத்தியாயர்களும் பட்டதாரிகளும் அதற்கு ஆசிரியர்களானார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பதிலிருந்து கல்லூரிப் பாடங்கள் வரையில் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் அதன் வகுப்புகளில் பயின்றனர். 1919-ல் யார்க்ஷயரிலுள்ள ரிப்பன் நகரில் அதன் கல்லூரி நடந்தது. அங்கே முடித்த பாடத்தைத் தாயகத்துச் சர்வகலாசாலைகள் அங்கீகரித்து, மாணவனை மேல்வகுப்பில் சேர்த்துக்கொண்டன. இந்த அங்கீகாரமே அம்முயற்சியின் உயிர்நாடி. முகாமில் கழிந்த நாள் வீட்டுக்குப் போனபின் கணக்கில் சேரும் என்ற நிச்சயம் இருந்தமையால், விளக்கு வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிரித்தவனுக்கு அதை மூடத் தோன்றவில்லை.

அமெரிக்கச் சேனையிலும் இதே வேலை இன்னும் பெரிய அளவில் நடைபெற்றது. யுத்தம் ஓய்ந்த முதல் வாரங்களில் தளபதிகள் வழக்கமான அணிவகுப்பையும் ஆயுதப் பயிற்சியையுமே தொடர்ந்து நடத்தினார்கள். எதிரியே இல்லாதபோது சேற்றில் நின்று எதிரியைக் குத்தப் பழகுவதை வீரர்கள் வெறுத்தார்கள். பொழுதைப் போக்க ஏதேனும் ஒன்று என்பது போதாது, வீடு திரும்பியபின் உதவக்கூடிய ஒன்று வேண்டும் என்பதைத் தலைமைக் காரியாலயம் உணர்ந்தது. கொலம்பியா சர்வகலாசாலையின் இலக்கியப் பேராசிரியர் ஜான் எர்ஸ்கின், கிளீவ்லண்டு நகரப் பள்ளிகளின் தலைவர் ஃபிராங்க் ஸ்பால்டிங், மாஸசூஸெட்ஸ் விவசாயக் கல்லூரித் தலைவர் கென்யன் பட்டர்ஃபீல்டு ஆகிய மூவர் ஒய்.எம்.சி.ஏ.யின் சார்பில் வகுத்திருந்த கல்வித் திட்டத்தை, 1919-ல் சேனையே தன் பொறுப்பாக ஏற்றது. படைப்பிரிவு தோறும் ஆரம்பப் பள்ளிகள் எழுந்தன. ஆள்சேர்ப்பின்போது நடத்திய பரீட்சைகளில், ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குப் பத்திரிகை வாசித்துப் பொருள் கொள்ளவோ வீட்டுக்குக் கடிதம் எழுதவோ இயலாது என்று தெரியவந்திருந்தது. ஆகவே எழுத்தறியாதவனுக்குக் கல்வி கட்டாயமென்றும், அறிந்தவனுக்கு அவன் விருப்பமென்றும் வகுத்தார்கள். மோட்டார் பழுதுபார்த்தல், தச்சுவேலை, தந்தி அனுப்புதல், கணக்கெழுதுதல் முதலிய தொழில்களுக்கும் வகுப்புகள் நடந்தன.

இந்த ஏற்பாட்டுக்குச் சிகரமாக விளங்கியது போன் நகரத்துச் சர்வகலாசாலை. பர்கண்டிப் பிரதேசத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த போன், மதுவுக்குப் பேர்போன பழைய ஊர். 1443-ல் நிக்கோலா ரோலன் என்ற மந்திரி ஏழை நோயாளிகளுக்காக நிறுவிய தர்ம வைத்தியசாலையின் வண்ண ஓட்டுக் கூரை இன்றும் அதன் அடையாளம். அவ்வூரின் எல்லையில், யுத்த காலத்தில் காயமுற்றோருக்காக அமெரிக்கர்கள் கட்டியிருந்த ஆஸ்பத்திரிக் கொட்டகைகள் சமாதானம் வந்ததும் காலியாயின. 1919 மார்ச்சில் அவையே வகுப்பறைகளாகவும், நூல்நிலையமாகவும், விடுதிகளாகவும் மாறின. கர்னல் ஐரா ரீவ்ஸ் அதன் தலைவரானார். விவசாயம், வியாபாரம், சட்டம், பொறியியல், வைத்தியம், பத்திரிகைத் தொழில், சங்கீதம், ஆசிரியப் பயிற்சி எனப் பல துறைகளில் ஆயிரக்கணக்கானோர் அங்கே கற்றார்கள். விவசாய மாணவர்களுக்கென அருகிலிருந்த அல்லெரேயில் நிலத்தோடு கூடிய தனிப் பள்ளி அமைந்தது. சித்திரமும் சிற்பமும் பயில விரும்பியோர் பாரிஸுக்கு அருகிலுள்ள பெல்வியூவுக்குப் போனார்கள். இன்னும் பல்லாயிரவர் பாரிஸ், துலூஸ், மோன்பெலியே, கிரெனோபிள் முதலிய பிரெஞ்சுச் சர்வகலாசாலைகளிலும் பிரிட்டிஷ் சர்வகலாசாலைகளிலும் இடம்பெற்றார்கள்.

போன் நகரத்துக் கலாசாலையின் ஆயுள் மிகக் குறுகியது. மார்ச்சில் திறந்த வாயில் ஜூனில் மூடப்பட்டது. கப்பல்கள் வந்துவிட்டன, மாணவர்கள் போய்விட்டார்கள். ஆயினும் அதன் மதிப்பை நீடித்த மாதங்களைக் கொண்டு அளப்பது நியாயமாகாது. நேற்றுவரை கட்டளைக்குக் கீழ்ப்படிவதொன்றையே கடமையாகக் கொண்டிருந்தவன், நாளை என் வாழ்வில் நான் என்ன செய்யப்போகிறேன் என்ற கேள்விக்குத் தானே விடை சொல்லவேண்டிய ஸ்தானத்தில் அங்கே நிறுத்தப்பட்டான். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் சிறு செயலே அந்தப் பெரிய விடையின் முதல் அட்சரம். கற்பித்தவர்களும் அங்கே கற்றுக்கொண்டார்கள். எர்ஸ்கின் தாயகம் திரும்பி, 1920-ல் கொலம்பியாவில், உலகப் பெருநூல்களை மாணவர்கள் நேராக வாசித்துத் தம்முள் விவாதிக்கும் வகுப்பைத் தொடங்கினார். பிற்காலத்தில் அமெரிக்கா எங்கும் பரவிய ஒரு கல்விமுறைக்கு அதுவே ஊற்றாயிற்று.

கல்வி ஒருபுறமிருக்க, சரீரத்தின் கதை மறுபுறம் நடந்தது. ஆள்சேர்ப்பின்போது பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஏதேனும் ஒருவகையில் தகுதி குறைந்தவர்களாகக் காணப்பட்டது அமெரிக்காவை அதிர வைத்திருந்தது. சேர்ந்தவர்கள் முகாம் வாழ்வில் உரமேறினார்கள் என்பது மெய்யே. ஆனால் கட்டளையினால் வந்த வலிமை, கட்டளை நீங்கியதும் கரைந்துபோகும். இதை நன்கு அறிந்தவர் எல்வுட் பிரவுன் என்ற ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சி நிபுணர். மணிலாவில் பல ஆண்டு பணியாற்றி, 1913-ல் தூரகிழக்கு விளையாட்டுப் போட்டிகளைத் தோற்றுவித்த அனுபவமுடையவர் அவர். யுத்தம் முடிவதற்குச் சில வாரம் முன்னதாகவே, 1918 அக்டோபரில், அவர் சேனைத் தலைமைக்கு ஒரு திட்டத்தைச் சமர்ப்பித்தார். எல்லோரும் கலந்துகொள்ளும் வெகுஜன விளையாட்டு அதில் முதலாவது. தேகப்பயிற்சிக் காட்சிகள் இரண்டாவது. சேனைக்குள் வல்லவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டிகள் மூன்றாவது. நேச நாடுகள் யாவும் கூடும் பெரும்போட்டி நான்காவது. இவ்வரிசையில் வெகுஜன விளையாட்டுக்கு முதலிடம் தந்ததிலேதான் அவருடைய ஞானம் விளங்குகிறது. பத்து வீரர் ஓட, பதினாயிரம் பேர் பார்த்துக் கைதட்டுவது அவர் நோக்கமன்று. ஒவ்வொருவனும் ஏதேனும் ஒன்றை ஆடவேண்டும், ஆடிப் பழகவேண்டும், அப்பழக்கத்தைத் தன்னோடு ஊருக்கு எடுத்துச் செல்லவேண்டும் என்பதே அவர் கருத்து. டிசம்பர் இறுதியில் சேனை இதைக் கட்டளையாகவே பிறப்பித்தது. கைப்பந்தும் கூடைப்பந்தும் கயிறிழுப்பும், அவற்றைச் சிறுவயதில் கண்டறியாத உழவர் வீட்டு இளைஞர்களுக்கு அங்கேதான் அறிமுகமாயின.

இத்திட்டத்தின் நான்காம் பகுதி 1919 ஜூன் 22 முதல் ஜூலை 6 வரை பாரிஸில் நிறைவேறியது. நகரின் கிழக்கே வான்சென் வனத்தில், பிரெஞ்சு ராணுவத் தேகப்பயிற்சிப் பள்ளி இருந்த ஜுவான்வில்லுக்கு அருகே, அமெரிக்கப் பொறியியல் படையினர் சில மாதங்களில் கட்டி முடித்த பெர்ஷிங் அரங்கம் இருபதினாயிரம் பேருக்கு மேல் அமரத்தக்கது; போட்டிகளின் தொடக்கத்தில் அது பிரெஞ்சு தேசத்துக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 1916-ல் பெர்லினில் நடக்கவேண்டிய ஒலிம்பிக் யுத்தத்தால் நின்றுபோன காலம் அது. 18 நாடுகளின் சேனைகளிலிருந்து ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு வீரர்கள் வந்து கலந்துகொண்டனர். பழைய பிரான்சும் இத்தாலியும் மட்டுமின்றி, அப்போதுதான் பிறந்த செக்கோஸ்லோவாக்கியாவும் வந்தது. வந்து கால்பந்தில் முதலிடமும் பெற்றது. அரபு நாடான ஹெஜாஸும் தன் பிரதிநிதிகளை அனுப்பிற்று. கையெறி குண்டை வெகுதூரம் வீசுவதும் போட்டிகளில் ஒன்று. ஃபிரெட் தாம்சன் என்ற படைப் பாதிரியார் அதில் வெற்றி பெற்றார். அவரே பின்னாளில் மௌனப்பட யுகத்தின் புகழ்பெற்ற குதிரைவீர நடிகரானார். இப்போட்டிகள் நடந்துகொண்டிருந்த ஜூன் 28-ஆம் தேதியன்றுதான், அந்நகருக்கு வெளியே மறுபுறத்தில், வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

அந்த மாதங்களில் தம் எதிர்காலத்தைக் கண்டுகொண்டவர்கள் பலர். பீரங்கிப் படையில் இளம் அதிகாரியாயிருந்த சார்லஸ் பாடக் பெர்ஷிங் அரங்கில் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் வென்று, மறுவருஷமே ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கப்பதக்கத்தையும் பெற்றார். மரைன் படைவீரர் ஜீன் டன்னி பாரிஸில் அமெரிக்கச் சேனையின் குத்துச்சண்டைப் பட்டமொன்றை வென்றார். அதன் வழியே வளர்ந்து, 1926-ல் ஜாக் டெம்ப்ஸியைத் தோற்கடித்து உலகப் பெரும்பட்டத்தை அடைந்தார். சேனைக்காகப் பாரிஸில் அச்சான 'ஸ்டார்ஸ் அண்டு ஸ்டிரைப்ஸ்' வாரப்பத்திரிகையின் ஆசிரியராயிருந்த ஹரால்டு ராஸ், ஊர் திரும்பியதும் பழைய வீரர்களுக்கான பத்திரிகையொன்றை நடத்தினார். 1925-ல் 'நியூ யார்க்கர்' பத்திரிகையை நிறுவினார்.

ஆனால் வாய்ப்பு எல்லோருக்கும் ஒரே அளவாக அமையவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். கறுப்பின வீரர்களில் மிகப் பலர் துறைமுகங்களில் சுமை இறக்கும் படைகளிலேயே வைக்கப்பட்டிருந்தார்கள். பிறர் வகுப்பறைக்கும் மைதானத்துக்கும் போன 1919-ன் வசந்தத்தில், அவர்களில் பல்லாயிரவர் ரோமாஞ் என்னும் ஊருக்கருகே யுத்தகளத்தில் சிதறிக்கிடந்த சடலங்களைத் தோண்டியெடுத்து, மயானத்தில் முறையாக அடக்கம் செய்யும் துயரப் பணியைச் செய்தார்கள். அவர்களுக்குத் துணைநின்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களான ஆடி ஹன்டன், காதரின் ஜான்ஸன் என்ற இரு பெண்மணிகள் 1920-ல் வெளியிட்ட நூல், அந்த மனிதர்களின் பொறுமைக்கும் கல்வித் தாகத்துக்கும் அழியாச் சாட்சி. அந்த இனத்தவரான சால் பட்லர் பெர்ஷிங் அரங்கில் நீளந்தாண்டலில் வெற்றி பெற்றார். மறுவருஷம் ஆன்ட்வெர்ப்பில் முதல் தாண்டலிலேயே தசைநார் அறுந்து, அவருடைய ஒலிம்பிக் கனவு முறிந்தது.

கப்பலேறித் திரும்பியவர்களைத் தாயகம் எவ்விதம் வரவேற்றது? அணிவகுப்பும் பூமாலையும் இருந்தன. விடைகொடுக்கும்போது கையில் அறுபது டாலரும் தந்தார்கள். அதன்பின் யாரும் பொறுப்பேற்கவில்லை. 1920-21-ல் வந்த வியாபார மந்தத்தில் விளைபொருள் விலை வீழ்ந்தது. ஆலைகளில் வேலை சுருங்கிற்று. போனில் விவசாயம் கற்றவனுக்கு நிலம் வாங்கப் பணமில்லை. சட்டம் ஆரம்பித்தவனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வழியில்லை. 1924-ல் சட்டமாக்கிய உதவித்தொகையும் 1945-ல்தான் கைக்கு வரும் என்று விதித்தார்கள். பெரும்பஞ்சம் போன்ற பொருளாதார வீழ்ச்சியின் நடுவில், 1932-ல், பசித்த பழைய வீரர்கள் ஆயிரமாயிரமாய் வாஷிங்டனுக்குத் திரண்டுசென்று அத்தொகையை உடனே தரும்படி கேட்டு முகாமிட்டார்கள். ஜூலை 28-ஆம் தேதி, பிரான்சில் அவர்களோடு ஒரே களத்தில் போரிட்ட டக்ளஸ் மக்கார்தரின் தலைமையிலேயே, ராணுவம் அவர்களைக் குதிரைப்படையும் கண்ணீர்ப்புகையும் கொண்டு விரட்டிற்று. வெளிநாட்டு முகாமில் அத்தனை கருத்தோடு விதைத்த நம்பிக்கையைத் தாயகம் நீரூற்றாமல் விட்டதன் விளைவே அது.

ஆயினும் காத்திருந்த மாதங்களில் விதைத்தவற்றுள் ஒன்று தாமதமாக முளைத்துப் பெருமரமாயிற்று. 1919 மார்ச்சில், கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் பாரிஸில் கூடி 'அமெரிக்கன் லீஜன்' என்ற பழைய வீரர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டாம் மகாயுத்தத்தின்போது, தங்கள் தலைமுறை பட்ட அல்லல் அடுத்த தலைமுறைக்கு வரலாகாது என்று உறுதிகொண்ட அச்சங்கம், தன் முன்னாள் தலைவரான ஹாரி கோல்மரி என்ற வழக்கறிஞரைக் கொண்டு ஒரு மசோதாவை வரைவித்தது. 1944 ஜூன் 22-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதில் கையெழுத்திட்டார். கல்லூரிச் சம்பளத்துக்கு ஆண்டுக்கு ஐந்நூறு டாலர் வரையிலும், படிக்குங்காலத்து ஜீவனத்துக்கு மாதப்படியும் அது அளித்தது. ஏறத்தாழ 22 லட்சம் பேர் அதனால் கல்லூரி சென்றார்கள். தொழிற்பயிற்சியையும் சேர்த்தால் தொகை 78 லட்சத்தை எட்டும். தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு அதன் பயன் முழுமையாகக் கிட்டாமல் தடுக்கப்பட்டது அச்சட்டத்தின் மீது படிந்த களங்கம்.

1945-ல் ஜெர்மனி பணிந்தபோது போன் நகரத்து அனுபவமும் உயிர்பெற்றது. இங்கிலாந்தில் ஷ்ரிவனம், பிரான்சில் பியாரிட்ஸ், இத்தாலியில் ஃபிளாரென்ஸ் ஆகிய இடங்களில் சேனைக் கலாசாலைகள் திறந்தன. பியாரிட்ஸில் கடற்கரை ஓட்டல்களும் மாளிகைகளும் விடுதிகளாயின. வீடு திரும்பும் முறையையும் இம்முறை முன்கூட்டியே வகுத்திருந்தார்கள். சேவை செய்த மாதத்துக்கு ஒரு புள்ளி, கடல்கடந்து கழித்த மாதத்துக்கு மேலும் ஒன்று, ஒவ்வொரு விருதுக்கும் போர் நடவடிக்கைக்கும் ஐந்து, மூன்று குழந்தைகள் வரையில் குழந்தைக்குப் பன்னிரண்டு என்று கணக்கிட்டு, 85 புள்ளி சேர்ந்தவனுக்கு முதலில் விடுதலை. தன் முறை எப்போது வரும் என்பதை ஒவ்வொருவனும் தானே கணக்கிட்டு, அதற்கேற்பத் தன் காரியத்தைத் திட்டமிட இது ஓரளவு இடங்கொடுத்தது. கப்பல் தாமதத்தால் 1946 ஜனவரியில் மணிலாவிலும் ஐரோப்பாவிலும் வீரர்கள் கிளர்ச்சி செய்தது உண்மைதான்; ஆனால் இம்முறை அவர்கள் திரும்பிய வீட்டில் அவர்களுக்கெனக் கலாசாலையின் கதவு திறந்திருந்தது.

தேகப்பயிற்சியின் சங்கதியிலும் முதல் மகாயுத்தகாலப் படிப்பினை வீண்போகவில்லை. ஆள்சேர்ப்புப் பரிசோதனை கண்ட குறையை மனத்தில்கொண்டு அமெரிக்க மாநிலங்கள் பல, பள்ளிகளில் தேகப்பயிற்சியைக் கட்டாயமாக்கின. பிரான்சில் வீரர்களுக்கு மைதானம் வகுத்த அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக், அதே காலத்தில் சென்னைக்கு வந்து, 1920-ல் தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளியை நிறுவினார். நந்தனத்தில் விரிந்த மைதானங்களோடு வளர்ந்த அக்கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகள்தோறும் பரவினார்கள். ஒருசிலர் ஆடப் பலர் பார்ப்பது போதாது, எல்லோரும் ஆடவேண்டும் என்ற கொள்கை, பாரிஸில் வகுத்ததும் சென்னையில் கற்பித்ததும் ஒன்றே.

இச்சரித்திரம் நமக்குத் தெளிவாக்குவது இரண்டு. முதலாவது, ஒரு பணியின் இறுதி மாதங்களை வெறுங்காத்திருப்பாகக் கழிக்கலாகாது. அறுவடை முடிந்தும் நிலத்தைச் சும்மா விடாமல் கோடை உழவு உழுகிற குடியானவன், அடுத்த மழையின் முழுப்பயனையும் பெறுகிறான். வீடு திரும்புமுன்பே தொழிலையும் தேகத்தையும் பற்றித் தீர்மானித்து, சிறிதளவேனும் ஆரம்பித்துவிட்டவனுக்கும் அப்பயன் உண்டு. தீர்மானத்தை ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்று ஒத்திவைத்தவனை, ஊரின் அவசர காரியங்கள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. இரண்டாவது, தனி மனிதனின் சங்கற்பம் எத்தனை திடமாயினும், அதை ஏற்றுத் தாங்கும் ஏற்பாடு தாயகத்தில் இல்லாவிடில் அது நிலைபெறாது. 1919-ல் முகாமில் கலாசாலை இருந்தது, வீட்டில் வழியில்லை. 1945-ல் இரண்டும் இருந்தன. விளைவில் கண்ட வித்தியாசம் ஒரு தேசத்தின் தலைவிதியையே மாற்றியது. தன் மக்களை வேலைக்கென்று கடல்கடந்து அனுப்புகிற எந்தச் சமூகமும், அனுப்பும்போது காட்டுகிற அக்கறையை அவர்கள் திரும்பும்போதும் காட்டக் கடமைப்பட்டது. திரும்பி வருகிறவன் கற்றுவந்ததைக் கேட்டறிந்து, அதைப் பயன்படுத்த இடமும் உதவியும் தருவதே அவனுக்கு நாம் செய்யத்தக்க மெய்யான வரவேற்பு.